பிப் மீளாய்வும் அந்த நான்கு புள்ளியும்

கேள்வி:

அன்பின் தங்கச்சிக்கு, எனக்கு வயது 58. லண்டன் ஹரோவில் இருக்கிறேன். ருமற்றொயிட் மூட்டுவாதம் காரணமாக 2021இல் பெற்றோல் நிலைய வேலையை விட்டேன். நோயால் அன்றாடம் கஷ்டப்படுபவர்களுக்கு அரசாங்கம் தரும் பிப் உதவித்தொகையில் அன்றாட வாழ்வு, நடமாட்டம் இரண்டு பகுதிகளும் சாதாரண வீதத்தில் கிடைக்கின்றன. அன்றாட வாழ்வுக்கு எனக்குத் தந்தவை 9 புள்ளிகள்: சமையல் 2, குளிப்பு 2, உடுப்பு 2, கழிப்பறை 2, மருந்து 1. மனைவி பள்ளிக்கூடக் குசினியில் பகுதிநேர வேலை செய்துகொண்டு என்னைப் பராமரிப்பதற்குக் கேரர்ஸ் அலவன்ஸ் எடுக்கிறார். குறைந்த வருமானக்காரருக்கான யுனிவர்சல் கிரெடிட்டில் நோய்க்கான மேலதிகத் தொகையும் வருகிறது. இப்போது வட்ஸ்அப்பில் ஒரு குரல்பதிவு சுற்றுகிறது: ஏதாவது ஒரு செயலிலாவது 4 புள்ளி இல்லாதவர்களுக்கு வருகிற நவம்பரோடு பிப் நிறுத்தமாம். அதே கிழமையில் எனக்கு மீளாய்வுப் படிவமும் வந்துவிட்டது. நித்திரை இல்லை. “மாற்றமில்லை” என்று போட்டு அனுப்பிவிடலாமா? உண்மையில் நான் பெரும்பாலும் சமாளிக்கிறேன். சோற்றுப் பானையை வடிப்பதும், காலையில் சேட்டுக்குள் கையை விட்டு மாட்டிவிடுவதும், தலை தேய்த்துவிடுவதும்தான் மனைவி. இன்னும் இரண்டு விஷயம். அம்மாவைப் பார்க்க இருவருமாக நான்கு மாதம் யாழ்ப்பாணம் போக நினைக்கிறோம். மனைவியின் தம்பிக்குப் போன மாதம் பாரிசவாதம் வந்தது. இனிமேல் புதிதாக விண்ணப்பிப்பவர்களுக்குப் பாதிக் காசுதானாம், உண்மையா?

பதில்:

அன்புள்ள அண்ணா,

முதலில் அந்தக் குரல்பதிவை அழித்துவிடுங்கள். எனக்கும் அது நாலைந்து பேரிடமிருந்து வந்தது. அதில் சொல்லப்படுவது முழுக்கக் கற்பனை இல்லை, பழைய செய்தி. அதனால்தான் ஆட்கள் நம்புகிறார்கள்.

நடந்தது இதுதான். 2025 மார்ச் 18ஆம் திகதி அப்போதைய அமைச்சர் லிஸ் கெண்டல் ஒரு பச்சை அறிக்கையை, அதாவது சட்டத்துக்கு முந்திய யோசனை ஆவணத்தை, வெளியிட்டார். பிப்பின் அன்றாட வாழ்வுப் பகுதிக்கு மொத்தம் 8 புள்ளி எடுத்தால் மட்டும் போதாது, பத்துச் செயல்களில் ஏதாவது ஒன்றிலாவது 4 புள்ளி இருக்க வேண்டும், இது 2026 நவம்பரிலிருந்து நடைமுறைக்கு வரும் என்பது அதிலிருந்த யோசனை. ஏற்கெனவே பிப் எடுப்பவர்களில் சுமார் 370,000 பேர் அதனால் அதை இழப்பார்கள் என்று அரசாங்கத்தின் கணக்கே சொன்னது. இரண்டு இரண்டாகச் சேர்த்து 9 எடுத்த உங்களைப் போன்றவர்கள்தான் அந்தக் கணக்கில் இருந்தவர்கள். ஆகவே நீங்கள் பயந்ததில் பிழை இல்லை.

ஆனால் அந்த யோசனை சட்டமாகவில்லை. ஆளும் தொழிற்கட்சிக்குள்ளேயே நூற்றுக்கும் மேற்பட்ட உறுப்பினர்கள் எதிர்த்தார்கள். ஏற்கெனவே எடுப்பவர்களைத் தொடமாட்டோம் என்று அரசாங்கம் முதலில் இறங்கிவந்தது. அதுவும் போதாமல், 2025 ஜூலை 1ஆம் திகதி பாராளுமன்றத்தில் மசோதா மீதான விவாதம் நடந்துகொண்டிருக்கும்போதே அமைச்சர் ஸ்டீபன் டிம்ஸ் எழுந்து அந்தப் பிரிவை முழுவதுமாக எடுத்துவிடுவதாக அறிவித்தார். மசோதாவின் பெயரிலிருந்தே பிப் என்ற சொல் போய்விட்டது. 2025 செப்டெம்பர் 3ஆம் திகதி சட்டமானபோது அது வெறும் யுனிவர்சல் கிரெடிட் சட்டம்.

இப்படி ஒன்று நடப்பது இது முதல் தடவையும் அல்ல. 2016 மார்ச்சில் அப்போதைய நிதியமைச்சர் ஜோர்ஜ் ஒஸ்போர்ன், உடுப்புக்கும் கழிப்பறைக்கும் உபகரணம் பாவிப்பவர்களுக்குத் தரும் புள்ளியைப் பாதியாக்கப் பார்த்தார். பிப்புக்குப் பொறுப்பான துறையின் அமைச்சராக இருந்த இயன் டங்கன் ஸ்மித்தே பதவி விலக, சில நாட்களில் அந்தத் திட்டம் கைவிடப்பட்டது. அந்த நாட்களில் எங்கள் மேசைக்கு வந்த அதே கேள்விதான் இப்போது உங்கள் கடிதத்தில் இருக்கிறது.

இனி ஒருபோதும் மாறாது என்று நான் சொல்லவில்லை. பிப்பின் புள்ளிமுறை முழுவதையும் டிம்ஸ் தலைமையில் ஒரு குழு ஆராய்கிறது. 2026 இலையுதிர் காலத்துக்குள் அது அறிக்கை தர வேண்டும். அதற்குப் பிறகு ஏதாவது வரலாம். வந்தாலும் பாராளுமன்றத்தில் விவாதித்துத்தான் வரும், வட்ஸ்அப்பில் வந்து இறங்காது. இன்று உங்கள் கையில் இருக்கும் படிவத்தை அவர்கள் பார்க்கப்போவது பழைய விதியின்படிதான்: 8 புள்ளிக்குச் சாதாரண வீதம், 12க்கு உயர் வீதம்.

சரி, இப்போது உண்மையான ஆபத்துக்கு வருகிறேன். அது உங்கள் கடிதத்திலேயே ஒரு சொல்லாக இருக்கிறது: “சமாளிக்கிறேன்.”

இந்த வேலையில் நான் அதிகம் பயப்படுவது இந்தச் சொல்லுக்குத்தான். எங்கள் ஆட்களுக்கு இது மரியாதையான பதில். எப்படி இருக்கிறீர்கள் என்று கேட்டால் “பரவாயில்லை, சமாளிக்கிறேன்” என்போம். நோயைச் சொல்லிப் புலம்புவது வெட்கம் என்று வளர்ந்தவர்கள் நாங்கள். மதிப்பீட்டாளர் அதை ஆங்கிலத்தில் கேட்டு, “விண்ணப்பதாரர் உதவியின்றிச் செய்கிறார்” என்று எழுதிவிடுவார். அவரைக் குறை சொல்ல முடியாது. நீங்கள் சொன்னதைத்தானே எழுதினார். ஒரு முறை ஒரு அம்மா, “சமைக்கிறீர்களா?” என்ற கேள்விக்கு “ஓம், நான்தான் சமையல்” என்று பெருமையோடு சொன்னார். கதிரையில் இருந்துகொண்டு மகளுக்கு உப்பு எவ்வளவு, புளி எவ்வளவு என்று சொல்வதைத்தான் அவர் சமையல் என்றார். கையில் கரண்டி பிடித்து வருடக்கணக்காகிறது. சமையலுக்கு அவருக்குக் கிடைத்தது பூச்சியம். அதைத் தீர்ப்பாயம் வரை கொண்டுபோய்த்தான் திருத்த வேண்டியிருந்தது.

பிப் கேட்பது உங்களுக்கு என்ன நோய் என்பதை அல்ல. ஒரு செயலை எப்படிச் செய்கிறீர்கள் என்பதைத்தான். சட்டத்தில் இதற்கு நான்கு அளவுகோல்கள் உண்டு. அந்தச் செயலை ஆபத்தில்லாமல் செய்ய முடிகிறதா? ஏற்கத்தக்க அளவுக்குச் சரியாகச் செய்ய முடிகிறதா? தேவைப்படும்போதெல்லாம் திரும்பத் திரும்பச் செய்ய முடிகிறதா? நோயில்லாத ஒருவர் எடுக்கக்கூடிய ஆகக் கூடிய நேரத்தைப்போல் இரண்டு மடங்குக்குள் முடிக்கிறீர்களா? நான்கில் ஒன்று இல்லையென்றாலும், அந்தச் செயலை உங்களால் செய்ய முடியாது என்றுதான் அவர்கள் கணக்கெடுக்க வேண்டும். அப்புறம், எல்லா நாளும் அப்படி இருக்க வேண்டும் என்றில்லை; பாதிக்கு மேற்பட்ட நாட்களில் அப்படி இருந்தால் போதும்.

இந்தக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு உங்கள் கடிதத்தைத் திரும்பப் படித்தேன்.

சோற்றுப் பானையை மனைவி வடிக்கிறார் என்கிறீர்கள். ஏன்? மணிக்கட்டில் பலமில்லை, சுடுகஞ்சியோடு பானை கைதவறிவிடும். அப்படியென்றால் அடுப்பில் ஒரு நேரச் சாப்பாட்டை ஆபத்தில்லாமல் உங்களால் செய்ய முடியவில்லை. பக்கத்தில் ஒருவர் நின்று பார்க்கவோ கைகொடுத்து உதவவோ வேண்டியிருந்தால் சமையலுக்கு 2 அல்ல, 4 புள்ளி. அவர்கள் உடனே கேட்பார்கள்: பாரமில்லாத சட்டி பாவிக்கலாமே, கொதிநீருக்குள் இறக்கித் தூக்கும் கம்பிக்கூடை இருக்கிறதே என்று. அவற்றைப் பாவித்தும் முடியவில்லையென்றால் ஏன் என்பதை எழுதுங்கள். கூடையைத் தூக்கவும் அதே மணிக்கட்டுத்தானே வேண்டும். காய் நறுக்க விரல் மடங்க வேண்டுமே. பாவித்தால் உண்மையிலேயே முடியும் என்றால் அதையும் அப்படியே எழுதுங்கள், அதற்கு 2 புள்ளிதான். இன்னொன்று, பலர் இங்கே தடுமாறுவார்கள்: கேட்கப்படும் சமையல் எங்கள் வீட்டுச் சோறும் மூன்று கறியும் அல்ல. ஒருவருக்கு, ஒரு வகை, பச்சைக் காய்கறியிலிருந்து தொடங்கி அடுப்பில் செய்வது. அவண் கதவைத் திறக்கக் குனிய முடியவில்லை என்பது கணக்கில் வராது. ஆகவே “தேங்காய் துருவ முடியவில்லை” என்று அரைப் பக்கம் எழுதுவதைவிட “உருளைக்கிழங்கு தோல் சீவ முடியவில்லை, கத்தி நழுவி இரண்டு தரம் விரல் வெட்டுப்பட்டது” என்று ஒரு வரி எழுதினால் பயன். உங்களுக்கு நடந்ததை மட்டும், நடந்தபடி.

சேட்டுக்குள் கையை விட்டு மாட்டிவிடுவது மனைவி. தோள் தூக்க முடியாமல், இடுப்புக்கு மேல் உடுத்த இன்னொருவரின் கை வேண்டுமென்றால் அதற்கும் 4 புள்ளி. முன்னைய படிவத்தில் நீங்கள் நீளக் கைப்பிடிக் கொம்பு ஒன்று பாவிப்பதாக மட்டும் போட்டிருப்பீர்கள் என்று நினைக்கிறேன், அதற்கு 2தான். ரீ-சேட் போட்டால் என்ன என்றும் கேட்பார்கள். தலைக்கு மேல் கை போகாதவருக்கு ரீ-சேட் இன்னும் கஷ்டம் என்பது உங்களுக்குத் தெரியும், மதிப்பீட்டாளருக்கு எழுதினால்தான் தெரியும்.

தலை தேய்த்துவிடுவதற்கு 2. குளிக்கும் தொட்டிக்குள் ஏறி இறங்கும்போது மனைவி பிடிக்கிறாரா? நீங்கள் அதை எழுதவில்லை. பிடிக்கிறாரென்றால் அது 3.

பார்த்தீர்களா, 4 புள்ளியே இல்லை என்று பயந்தவரின் கடிதத்துக்குள் இரண்டு இடத்தில் 4 புள்ளிக்கான விஷயம் கிடக்கிறது. நீங்கள் அதை “தான் மனைவி” என்று ஒரு வரியில் தாண்டிப் போயிருக்கிறீர்கள். முடிவு என்ன வரும் என்று நான் வாக்குத் தர மாட்டேன். கூட்டிச் சொல்லச் சொல்லவும் இல்லை. கூட்டிச் சொன்னால் அகப்படுவது நீங்கள். வருடக்கணக்காக வேலை செய்து பழகிய உடம்பின் இன்றைய கதையைக் குறைக்காமல் சொல்லுங்கள் என்கிறேன்.

ஆகவே “மாற்றமில்லை” என்று மட்டும் போட்டு அனுப்ப வேண்டாம். மீளாய்வு என்பது முழுவதையும் திரும்பப் பார்ப்பது. கூடவும் செய்யலாம், குறையவும் செய்யலாம், நிற்கவும் செய்யலாம். மாற்றமில்லாத செயல்களுக்குக்கூட “முன்போலத்தான்” என்று எழுதிவிட்டு, அந்த முன்போல் என்பது என்ன என்பதையும் எழுதுங்கள். இரண்டு கிழமைக்கு ஒரு சிறு குறிப்பு வையுங்கள்: காலையில் விரல் நிமிர எவ்வளவு நேரம், எந்த நாள் மோசம், மனைவி எதற்கெல்லாம் எழுந்துவந்தார். ஜீபியின் (குடும்ப மருத்துவரின்) கடிதம் பெரும்பாலும் நோயின் பெயரையும் மருந்தின் பெயரையும்தான் சொல்லும். வாதநோய்ப் பிரிவுக் கடிதமும், வீட்டுக்கு வந்து பார்த்த தொழில்வழிச் சிகிச்சையாளரின் அறிக்கையும் இருந்தால் அவை பெறுமதி. அதைவிட, மனைவி ஒரு பக்கம் எழுதட்டும். தமிழில் எழுதி யாரையாவது மொழிபெயர்க்கச் சொல்லலாம்.

மதிப்பீட்டுக்கு அழைத்தால், தொலைபேசியிலோ நேரிலோ, தமிழ் மொழிபெயர்ப்பாளர் வேண்டும் என்று முதலே சொல்லுங்கள். இலவசம். மகளைக் கூப்பிட்டுக்கொண்டு போகாதீர்கள். கழிப்பறையில் உங்களுக்கு என்ன கஷ்டம் என்பதை எந்தத் தகப்பன் மகளின் வாயால் சொல்லவிடுவார்? மகளும் பாதியை விழுங்கிவிடுவாள். (ஆங்கிலம் தெரியாததை ஒரு குறைபாடாகக் கணக்கெடுக்க மாட்டார்கள் என்பதையும் சொல்லிவைக்கிறேன். பேசுவது, வாசிப்பது பற்றிய கேள்விகள் உங்கள் தாய்மொழியில் முடியுமா என்பதைத்தான் பார்க்கும். சிலர் அங்கே புள்ளி எதிர்பார்த்து ஏமாறுகிறார்கள்.)

நடமாட்டத்துக்கு ஒரு வரி. “தமிழ்க் கடை வரை நடப்பேன்” என்று எழுதாதீர்கள். கடை எத்தனை மீற்றர், எங்கே நின்றீர்கள், திரும்பி வந்து எவ்வளவு நேரம் படுத்தீர்கள் என்று எழுதுங்கள். 20, 50, 200 மீற்றர் என்ற எல்லைகளில்தான் புள்ளி மாறுகிறது.

முடிவு பாதகமாக வந்தால் ஒரு மாதத்துக்குள் கட்டாய மறுபரிசீலனை, அதாவது அதே துறை முடிவைத் திரும்பப் பார்ப்பது, கேட்க வேண்டும். அதிலும் இல்லையென்றால் அடுத்த ஒரு மாதத்துக்குள் தீர்ப்பாயம். மறுபரிசீலனையில் தோற்று மனம்விட்டு நின்றுவிடுகிறவர்கள்தான் அதிகம். ஆனால் தீர்ப்பாயத்தில் விசாரணைக்குப் போகும் பிப் வழக்குகளில் பாதிக்கும் மேற்பட்டவை விண்ணப்பதாரர் பக்கமே முடிகின்றன.

இதில் உங்கள் காசு மட்டுமல்ல, மனைவியின் காசும் இருக்கிறது. 2026-27இல் அன்றாட வாழ்வின் சாதாரண வீதம் கிழமைக்கு 76.70 பவுண், நடமாட்டம் 30.30. கேரர்ஸ் அலவன்ஸ் 86.45. அன்றாட வாழ்வுப் பகுதி நின்றால் கேரர்ஸ் அலவன்சும் கூடவே நிற்கும். மனைவியின் பள்ளிக்கூடச் சம்பளம் கழிவுகள் போகக் கிழமைக்கு 204 பவுணைத் தாண்டக்கூடாது என்பதையும் கவனியுங்கள். ஒரு கிழமை மேலதிக நேரம் செய்து ஒரு பவுண் தாண்டினாலும் அந்தக் கிழமைக் காசு முழுவதும் போகும். பிறகு அதைத் திருப்பிக் கேட்பார்கள்.

யாழ்ப்பாணப் பயணம். நான்கு மாதம் வேண்டாம், அண்ணா. தற்காலிகமாக வெளிநாடு போகிறவருக்குப் பிப் 13 கிழமை வரை வரும். வைத்தியத்துக்காகப் போனால் 26 கிழமை. ஆனால் யுனிவர்சல் கிரெடிட் சாதாரணமாக ஒரு மாதம்தான் பொறுக்கும். ஒரு மாதத்துக்கு மேல் என்று தெரிந்தே போனால், போன நாளிலிருந்தே உரிமை இல்லை. நோய்க்கான பழைய தொகையைக் கையில் வைத்திருப்பவர் அந்தக் கணக்கை மூடவிடக் கூடாது. ஏன் என்பது மைத்துனரின் கேள்விக்கான பதிலில் தெரியும். ஒரு மாதத்துக்குள் போய் வாருங்கள், போகமுன் யுனிவர்சல் கிரெடிட் கணக்கில் எழுதிவையுங்கள், கேரர்ஸ் அலவன்ஸ் பிரிவுக்கும் சொல்லுங்கள். சொல்லாமல் போய் வந்தவர்கள் விமானச் சீட்டுக் காசைவிட அதிகம் திருப்பிக் கட்டியதைக் கண்டிருக்கிறேன்.

இனி மைத்துனர். புதிதாக விண்ணப்பிப்பவர்களுக்குப் பாதிக் காசு என்று நீங்கள் கேள்விப்பட்டது யுனிவர்சல் கிரெடிட்டின் நோய்த் தொகைக்குச் சரி. 2025 சட்டத்தில் உண்மையாகவே நிறைவேறிய வெட்டு அதுதான். 2026 ஏப்ரல் 6ஆம் திகதிக்கு முன்பே யுனிவர்சல் கிரெடிட்டின் நோய்த் தொகையை எடுத்தவர்களுக்கு, உங்களுக்கு, மாதம் 429.80 பவுண். அதற்குப் பிறகு புதிதாக வருபவர்களுக்கு 217.26, ஏறக்குறைய சரிபாதி. விலக்கு இரண்டு பேருக்கு: இனி மாறவே மாறாத, வாழ்நாள் முழுவதற்குமான கடும் நிலையில் இருப்பவருக்கு, 12 மாதத்துக்குள் இறக்கக்கூடும் என்று மருத்துவர் சொன்னவருக்கு. பாரிசவாதம் வந்து ஒரு மாதத்தில் இனிமேல் தேறாது என்று எந்த மருத்துவரும் எழுத மாட்டார், எழுதாமல் இருப்பதுதான் நல்லதும். ஆகவே இப்போதைக்குக் குறைந்த தொகை என்றே வைத்துக்கொள்ளுங்கள். அடிப்படைத் தொகை கொஞ்சம் கூடியிருக்கிறது. 25 வயதோ அதற்கு மேலோ உள்ள தனி ஆளுக்கு மாதம் 424.90. அது இந்த ஓட்டையை அடைக்காது.

ஆனால் பிப் வேறு, அதில் பாதி கிடையாது. கஷ்டம் தொடங்கி மூன்று மாதம் ஆகியிருக்க வேண்டும், இன்னும் ஒன்பது மாதம் இருக்கும் என்று எதிர்பார்க்கப்பட வேண்டும். பிப் பின்திகதியிட்டுத் தரப்படுவதில்லை. முதல் தொலைபேசி அழைப்பு எடுத்த நாள்தான் விண்ணப்பத் திகதி. எனவே ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கு வரட்டும், தேறட்டும் என்று காத்திருக்க வேண்டாம். யுனிவர்சல் கிரெடிட்டுக்கு வேலை செய்ய முடியாது என்று மருத்துவர் தரும் சான்றை (ஃபிட் நோட்) உடனே கொடுங்கள். நோய்த் தொகைக்கான மூன்று மாதக் காத்திருப்பு அதிலிருந்துதான் ஓடும். அவருடைய விசாவில் பொதுநிதி பெற முடியாது என்ற நிபந்தனை இருந்தால் மட்டும் எதையும் தொடாமல் முதலில் ஒரு குடிவரவுச் சட்டத்தரணியிடம் கதையுங்கள்.

உங்கள் கடிதத்தில் படிவம் வந்த திகதியைக் காணவில்லை. அதில் திருப்பி அனுப்ப வேண்டிய நாள் அச்சிடப்பட்டிருக்கும். இரண்டு கிழமைக்குக் குறைவாக இருந்தால் இன்றைக்கே அழைத்து மேலதிக நாட்கள் கேளுங்கள். எழுதி முடித்ததும் ஒவ்வொரு பக்கத்தையும் போனில் படம் எடுத்துவிட்டு, தபால் நிலையத்தில் அனுப்பியதற்கான துண்டு வாங்கிக்கொள்ளுங்கள். அனுப்பமுன் ஒரு தரம் மனைவியிடம் வாசித்துக் காட்டுங்கள்; நீங்கள் “சமாளிக்கிறேன்” என்று எழுதிய இடத்தையெல்லாம் அவர் பேனாவோடு காத்திருந்து வெட்டுவார்.